வண்டி வீட்டில் விளக்கு அணைந்தால்...

கூண்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, அதன் மேல் ஜமக்காளத்தை விரித்து, புளியோதரை மூட்டையும் கூஜாத் தண்ணீருமாகக் குலதெய்வம் கோயிலுக்குப் புறப்பட்ட கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். படுக்கையும் சாப்பாடும் கூடவே வரும். எங்கே இருட்டியதோ அங்கேதான் அன்றைக்கு வீடு. அந்தப் பிரயாணத்தின் சுகத்தை இந்தக் காலத்தில் தருவது கேரவன் என்னும் வண்டி வீடு.

"படப்பிடிப்பில் நட்சத்திரங்கள் வேஷம் போட்டுக் கொள்ளும் வண்டிதானே?" என்று கேட்கிறீர்களா? அதுவும் கேரவன்தான். ஆனால் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் சாதாரணக் குடும்பங்கள், விடுமுறை வந்ததும் காரின் பின்னால் ஒரு சின்ன வீட்டையே கோத்து இழுத்துக் கொண்டு கிளம்பி விடுகின்றன. கட்டில், அடுப்பு, குளிர்ப் பெட்டி, குழாயைத் திருகினால் தண்ணீர், தலைக்கு மேல் விளக்கு எல்லாம் அதற்குள் அடக்கம். 1885-ம் ஆண்டில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற டாக்டர் உல்லாசப் பிரயாணத்துக்கென்றே இங்கிலாந்தில் 'வாண்டரர்' என்ற வண்டியைக் கட்டச் செய்தார். குதிரைகள் இழுத்த வண்டி அது. மின்சாரம் கிடையாது, ஆகவே ப்யூஸ் போகிற கவலையும் டாக்டருக்குக் கிடையாது!

நமக்கு அந்தக் கவலை உண்டு. பிள்ளையையோ பெண்ணையோ பார்க்க அயல்நாடு போகும் அம்மாக்கள் பலர் இந்த வண்டி வீட்டில் நாலு நாள் தங்கி விட்டு வருகிறார்கள். நம் பக்கத்திலேயே கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென ஒரு தனித் திட்டத்தை அறிவித்தது. ஆகவே, ஊருக்கு வெளியே, இருட்டில், மழையில், வண்டி வீட்டின் விளக்கு மங்கினால் என்ன செய்வது என்று தெரிந்து வைத்துக் கொள்வது வீண் போகாது. "அதெல்லாம் ஆண்கள் சமாசாரம்" என்று ஒதுங்காதீர்கள். சமையலுக்கு உப்புப் பார்ப்பதை விட இது ஒன்றும் கடினமான வித்தை அல்ல.

இரண்டு விதமான மின்சாரம்

வண்டி வீட்டில் இரண்டு மின்சாரம் ஓடுகிறது. முதலில் இதை மனத்தில் வாங்கிக் கொள்ள வேண்டும்.

தங்குமிடத்தில் உள்ள கம்பத்திலிருந்து தடித்த கேபிள் வழியாக வருவது ஒன்று. நம் வீட்டு மின்சாரம் போன்றதே, 230 வோல்ட். தொட்டால் ஆளையே கொன்று விடும். அதில் கோளாறு என்றால் கேபிளைக் கழற்றி விட்டு, தேர்ந்த எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது ஒன்றுதான் வழி.

மற்றொன்று பாட்டரியிலிருந்து வருவது, 12 வோல்ட். விளக்கு, தண்ணீர் பம்ப், செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றும் வட்ட வடிவச் சாக்கெட் எல்லாம் பெரும்பாலும் இதில்தான் இயங்குகின்றன. காரில் சிகரெட் பற்ற வைப்பதற்காக ஏற்பட்ட அதே துவாரந்தான் அந்த வட்டச் சாக்கெட். இன்று அதில் சிகரெட் பற்ற வைப்பவர்கள் குறைவு. செல்போன், காற்றடிக்கும் பம்ப், குட்டி விசிறி என்று ஆளுக்கு ஒன்றைச் செருகுகிறோம்.

12 வோல்ட் தொட்டால் 'ஷாக்' அடிக்காது. அதனால் அது சாது என்று எண்ணி விடக் கூடாது. பசு சாதுதான், கொம்பு இல்லையா? இந்த மின்சாரம் ஆளை அடிக்காது. ஆனால் நெருப்பு வைக்கும். அது எப்படி என்று பார்ப்போம்.

மிக்ஸி செய்த மாயம்

இங்கிலாந்தில் வண்டி வீட்டில் தங்கியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். காலை வேளை. இட்லி தயார்.

"ஏண்டா, சட்னி அரைக்க வேண்டாமா? மிக்ஸியை எங்கே சொருகுவது?" என்கிறாள் அம்மா.

"கவலைப்படாதேம்மா! 12 வோல்ட்டை 230 ஆக்கும் இன்வர்ட்டர் கொண்டு வந்திருக்கிறேன். இதோ, இந்தச் சாக்கெட்டில் மாட்டி விடுகிறேன்" என்கிறான் பிள்ளை.

மிக்ஸி 'கர்' என்று ஒரு மூச்சு விடுகிறது. அவ்வளவுதான். சட்னியும் இல்லை; சாக்கெட்டும் இல்லை.

என்ன நடந்தது? கணக்குப் போட்டுப் பாருங்கள். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 500 வாட் மிக்ஸி நம் வீட்டு 230 வோல்ட்டில் இரண்டே கால் ஆம்பியருக்குள் வேலையை முடித்து விடும. அதே மிக்ஸி 12 வோல்ட்டில் ஓட வேண்டுமானால் 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வட்டச் சாக்கெட்டுக்கோ 10 அல்லது 15 ஆம்பியர் ப்யூஸ்தான் வழக்கம். நாலு பேர் ஏறும் படகில் பதினாறு பேர் ஏறினால் என்ன ஆகும்?

செல்போன் சார்ஜரானால் ஒன்றிரண்டு ஆம்பியர், தாராளமாக மாட்டலாம். காற்றடிக்கும் பம்ப் பத்து ஆம்பியர் வரை இழுக்கக் கூடியது. அது ஓடும்போது கூட இன்னொன்றை மாட்டக் கூடாது. தண்ணீர் கொதிக்க வைக்கும் 12 வோல்ட் கெட்டில் என்று ஒன்று கடையில் விற்கிறார்கள். 120 வாட் கெட்டில் அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இருபது நிமிஷத்துக்கு மேல் எடுத்துக் கொள்ளும். அவ்வளவு நேரமும் பத்து ஆம்பியர் ஓடிக் கொண்டே இருக்கும். காபிக்கு அடுப்பே மேல்!

ப்யூஸ் யாருக்குக் காவல்?

பழைய வீடுகளில் மெயின் போர்டில் வெள்ளைப் பீங்கான் கட்டை இருக்கும். ப்யூஸ் போனால் அதை இழுத்து, மெல்லிய கம்பி சுற்றிப் போடுவார்கள். வண்டியில் அந்தக் கட்டைக்குப் பதில் விரல் நகம் அளவுள்ள பிளாஸ்டிக் வில்லை. இரண்டு உலோகக் கால்கள். நடுவில் உருகும் கம்பி. தமிழில் 'உருகி' என்று பெயர் வைத்தது எவ்வளவு பொருத்தம்!

வில்லையின் நிறமே அதன் பலத்தைச் சொல்லி விடும். 5 ஆம்பியர் என்றால் இளம் பழுப்பு, ஏழரைக்கு அடர்ந்த பழுப்பு, 10-க்குச் சிவப்பு, 15-க்கு நீலம், 20-க்கு மஞ்சள், 25-க்குக் கண்ணாடி போல நிறமில்லாதது, 30-க்குப் பச்சை. எண்ணும் தலையில் எழுதியிருக்கும். புடவை நிறங்களை நினைவு வைத்துக் கொள்ளும் நமக்கு இது பிரமாதமா?

பலரும் தவறாக நினைக்கும் ஒரு விஷயம் உண்டு. ப்யூஸ் காப்பாற்றுவது செல்போனையோ மிக்ஸியையோ அல்ல. சுவருக்குள் மறைந்து ஓடுகிறதே கம்பி, அதைத்தான் காப்பாற்றுகிறது. கம்பி தாங்கும் அளவைப் பார்த்துத்தான் ப்யூஸின் அளவை வைத்திருக்கிறார்கள். "10 அடிக்கடி போகிறதே, 30 போட்டு விடலாம்" என்று ஒருவர் பச்சை வில்லையைச் செருகினால் ப்யூஸ் உருகாது; அதற்குப் பதில் கம்பி உருகும். மரப் பலகைக்கும் மெத்தைக்கும் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உருகும். உள்ளே குழந்தைகள் தூங்கிக் கொண்டிருக்கும். அந்தச் சின்ன வீட்டுக்குப் பெரும்பாலும் வாசல் ஒன்றே ஒன்று. சிகரெட் பெட்டி ஈயத் தாளைச் சுற்றிப் போடுவதும், ஹேர்பின்னை வளைத்துப் போடுவதும் இதே ரகத்தைச் சேர்ந்த யுக்திகள்தாம். அவை யுக்தி அல்ல, விபரீதம்.

துப்பறியும் வேலை

சாக்கெட் வேலை செய்யவில்லை. எங்கே ஆரம்பிப்பது? தொடர்கதையில் வரும் துப்பறியும் நிபுணரைப் போல, ஒவ்வொரு ஆசாமியாக விசாரித்துக் கொண்டே வர வேண்டும்.

முதல் கேள்வி: விளக்கும் பம்ப்பும் ஓடுகின்றனவா? எல்லாமே நின்று விட்டதென்றால் சாக்கெட்டின் மேல் குற்றமில்லை. பாட்டரியின் பிரதான ஸ்விட்சை யாரோ அணைத்திருக்கலாம், பாட்டரி அருகே உள்ள பெரிய ப்யூஸ் போயிருக்கலாம், பாட்டரியே காலியாகியிருக்கலாம்.

இரண்டாவது கேள்வி: மற்றவை ஓடி, சாக்கெட் மட்டும் செத்திருக்கிறதா? அப்படியானால் முதலில் மாட்டியிருந்த சார்ஜரை வேறு சாக்கெட்டிலோ காரிலோ மாட்டிப் பாருங்கள். அங்கேயும் ஓடாவிட்டால் திருடன் சார்ஜர்தான். சில ப்ளக்குகளின் மூக்கைத் திருகிக் கழற்றினால் உள்ளே ஒரு குட்டிக் கண்ணாடி ப்யூஸ் இருக்கும், அதையும் பாருங்கள்.

மூன்றாவது: சார்ஜர் நல்லதென்றால், எல்லாவற்றையும் அணைத்து விட்டு, வெளிக் கேபிளையும் கழற்றி விட்டு, ப்யூஸ் பெட்டியைத் திறவுங்கள். எந்த ப்யூஸ் எதற்கு என்று மூடியில் குறித்திருப்பார்கள். அந்த வில்லையை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுக் கம்பி அறுந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். வெறுமனே அறுந்திருந்தால், பெரும்பாலும் அளவுக்கு மீறிய சுமை காரணம். உள்ளே கறுத்துப் புகை படிந்திருந்தால், எங்கோ இரண்டு கம்பிகள் நேரே முட்டிக் கொண்டிருக்கின்றன என்று சந்தேகிக்கலாம்.

நான்காவது: புது ப்யூஸைப் போடுமுன் சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். இந்தத் துவாரம் உண்டியல் மாதிரி. நடுவில் உள்ள குமிழ் பாஸிடிவ். சுற்றுச் சுவர் நெகடிவ். ஒரு சில்லறைக் காசு உள்ளே விழுந்து இரண்டையும் தொட்டால் போதும்; ப்யூஸ் போய் விடும். சாக்லேட் தாள், ஊக்கு, பழைய ப்ளக்கிலிருந்து கழன்ற மூக்கு என்று எதுவும் கிடக்கலாம். விரலை விடாதீர்கள். ப்யூஸ் வெளியே இருக்கும்போதே பிளாஸ்டிக் அல்லது மரக் குச்சியால் தள்ளி எடுங்கள்.

ஐந்தாவது: சாக்கெட்டில் எதையும் மாட்டாமல், அதே அளவுள்ள புது ப்யூஸைப் போடுங்கள். போட்டதுமே அதுவும் போய் விட்டால் கோளாறு கம்பியில் அல்லது சாக்கெட்டில். உங்கள் வேலை அத்துடன் முடிந்தது. எலெக்ட்ரீஷியன் வேலை ஆரம்பம். ப்யூஸ் நின்றால், சாமான்களை ஒவ்வொன்றாக மாட்டி வாருங்கள். எதை மாட்டும்போது போகிறதோ, அதுதான் குற்றவாளி.

ஒரு ப்யூஸ் போவது தற்செயலாக இருக்கலாம். இரண்டாவதும் போனால் எச்சரிக்கை. மூன்றாவதைப் போட்டுப் பார்ப்பது அறிவீனம்.

விளக்கு மங்குவது ஏன்?

ப்யூஸ் நன்றாக இருக்கிறது. ஆனால் விளக்கு மங்குகிறது, பம்ப் முனகுகிறது, செல்போன் விட்டு விட்டுச் சார்ஜ் ஏறுகிறது. இதற்கு வோல்டேஜ் குறைவு என்று பெயர். 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் வழியில் தொலைந்தால் யாருக்கும் தெரியாது. 12-ல் ஒன்று தொலைந்தால், சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு போன மாதிரி!

இதைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் என்ற கருவி வேண்டும். விலை அதிகமில்லை. அதை நேர் மின்சாரத்துக்கான 20 வோல்ட் இடத்தில் திருப்பி வைத்து, சிவப்பு முனையைச் சாக்கெட்டின் நடுக் குமிழிலும் கறுப்பு முனையைச் சுவரிலும் தொட வேண்டும். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று உராயக் கூடாது. உராய்ந்தால் இன்னொரு ப்யூஸுக்குத் தண்டம்.

சாதாரண ஈயப் பாட்டரி முழுதும் நிரம்பி ஓய்வில் இருக்கும்போது ஏறக்குறைய 12.7 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே இறங்கினால் கிட்டத்தட்டக் காலி; உடனே சார்ஜ் ஏற்ற வேண்டும். சார்ஜ் ஏறிக் கொண்டிருக்கும்போது 14 வோல்ட்டை ஒட்டி நிற்கும். புது மாதிரி லித்தியம் பாட்டரிக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அது காலியாகும் தறுவாய் வரை 13 வோல்ட்டை ஒட்டியே காட்டி விட்டுத் திடீரென்று கையை விரித்து விடும்.

இப்போது முக்கியமான சோதனை. சாக்கெட்டின் கம்பியில் ஒரு சாமான் ஓடிக் கொண்டிருக்கும்போது பாட்டரியின் மேலும் அளக்க வேண்டும். சாக்கெட்டிலும் அளக்க வேண்டும். ஓடாதபோது அளந்தால் உண்மை வெளிவராது. சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்கு மூச்சு வாங்குகிறதா என்று எப்படித் தெரியும்? பாட்டரியிலேயே வோல்ட் மளமளவென்று இறங்கினால் பாட்டரிக்கு வயதாகி விட்டது, அல்லது பட்டினி கிடக்கிறது. பாட்டரி நன்றாகக் காட்டி, சாக்கெட்டில் அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால், வழியில் எங்கோ கோளாறு. தளர்ந்த ஸ்க்ரூ, பச்சை பூத்த செம்பு முனை, வண்டி குலுங்கியதில் நழுவிய ப்ளக், தேவைக்கு மெல்லிய கம்பி இவற்றில் ஒன்றாக இருக்கும்.

இங்கேதான் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. தளர்ந்த ஓர் இணைப்பில் ஒரு வோல்ட் தொலைகிறது. அதில் ஓடுவது 10 ஆம்பியர் என்று வையுங்கள். அந்த ஒரு முனையில் மட்டும் 10 வாட் சூடு பிறக்கிறது. பட்டாணி அளவு இடத்தில் அத்தனை சூடு! பிளாஸ்டிக் இளகக் கேட்பானேன்? இதை ப்யூஸ் தடுக்காது. ஏனெனில், ஓடும் மின்சாரம் அளவுக்கு மீறவே இல்லையே! ஆகவே, பத்து நிமிஷம் ஓடிய பிறகு ப்ளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தாலோ, பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வந்தாலோ, அந்தச் சாக்கெட்டை அன்றோடு விட்டு விடுங்கள். நம் மூக்கு ரசம் பொங்குவதை அடுத்த அறையிலிருந்தே கண்டுபிடிக்கும் மூக்கு, இதையும் கண்டுபிடிக்கும்.

வோல்ட் குறைவும் ப்யூஸ் போவதும் வேறு வேறு வியாதி என்று எண்ணவும் வேண்டாம். இன்வர்ட்டர் போன்ற சாமான்கள் வோல்ட் குறையக் குறைய அதிக ஆம்பியர் இழுத்து ஈடு கட்டும். நிரம்பிய பாட்டரியில் ஒன்பதரை ஆம்பியர் இழுத்த 120 வாட் சுமை, வோல்ட் 11-க்கு இறங்கியதும் 11 ஆம்பியரைத் தொட்டு விடும். நேற்று வரை நின்ற 10 ஆம்பியர் ப்யூஸ் இன்று போவதற்குக் காரணம் பாட்டரியின் பட்டினியாகவும் இருக்கலாம்.

வளையலைக் கழற்றுங்கள்!

பாட்டரிப் பெட்டியைத் திறக்குமுன் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்து விடுங்கள். தாலிச் சங்கிலி முன்னால் தொங்காமல் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக் கொள்ளுங்கள். தங்க வளையல் பாட்டரியின் இரண்டு முனைகளையும் தொட்டு விட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே பாயும். கண் மூடித் திறப்பதற்குள் வளையல் பழுக்கக் காய்ந்து விடும். ஆளை அடிக்காத 12 வோல்ட் கையை வேக வைப்பது இப்படித்தான். முனைகளைக் கழற்ற நேர்ந்தால் முதலில் நெகடிவ். மாட்டும்போது அதைக் கடைசியில். ஈயப் பாட்டரி சார்ஜ் ஏறும்போது எரியக் கூடிய வாயு கிளம்பும். பக்கத்தில் தீக்குச்சி, ஊதுவத்தி எதுவும் கூடாது.

குளிர்ப் பெட்டிக்குள் இருக்கும் மருந்து

இழுத்துச் செல்லும் வண்டி வீடுகள் பலவற்றில் குளிர்ப் பெட்டி காஸ், 230 வோல்ட், 12 வோல்ட் ஆகிய மூன்றிலும் ஓடக் கூடியது. கார் ஓடும்போது மட்டும் காரின் 12 வோல்ட்டில் ஓடும். அந்த ப்யூஸ் வழியில் போய் விட்டால் யாருக்கும் தெரியாது. விளக்கா, மங்கினால் பார்க்க? மாலையில் கதவைத் திறக்கும்போதுதான் பால் திரிந்திருப்பது தெரியும்.

பால் போனால் போகிறது. தாத்தாவின் இன்சுலின்? பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடுக்குள் வைக்க வேண்டும், உறையவும் கூடாது. சூட்டில் கெட்ட மருந்து பார்வைக்கு நன்றாகவே இருந்தாலும் இருக்கும். ஆகவே குளிர்ப் பெட்டிக்குள் ஒரு சிறு தெர்மாமீட்டரை வையுங்கள்; வண்டி நிற்கும்போதெல்லாம் எட்டிப் பாருங்கள். மருந்துக்கென்று ஐஸ் கட்டியுடன் தனி டப்பா ஒன்றும் இருக்கட்டும். மருந்து ஐஸைத் தொடாதபடி நடுவே துணி சுற்றுங்கள். மருந்து சூடு பட்டதாகச் சந்தேகம் வந்தால், மருத்துவரைக் கேட்காமல் ஊசி போடாதீர்கள்.

புறப்படுமுன்...

ஊறுகாய்ப் பாட்டிலுக்கு இடம் ஒதுக்கும்போது ஒரு சின்ன டப்பாவுக்கும் இடம் ஒதுக்குங்கள். வண்டியில் உள்ள ஒவ்வோர் அளவுக்கும் இரண்டு ப்யூஸ், அவற்றை உருவப் பிளாஸ்டிக் இடுக்கி, டார்ச், மல்டிமீட்டர், எந்த ப்யூஸ் எதற்கு என்று உங்கள் கையாலேயே தமிழில் எழுதிய ஒரு சீட்டு. வாடகை வண்டியானால், சாவி வாங்கும்போதே மூன்று கேள்வி கேளுங்கள்: "ப்யூஸ் பெட்டி எங்கே? பாட்டரி ஸ்விட்ச் எங்கே? வட்டச் சாக்கெட் எத்தனை ஆம்பியர் தாங்கும்?" புகை கண்டு கூவும் கருவி வேலை செய்கிறதா என்று அதன் பொத்தானை அழுத்திப் பார்த்து, தீயணைக்கும் சிலிண்டர் இருக்கும் இடத்தையும் வீட்டில் எல்லாருக்கும் காட்டி விடுங்கள்.

சட்னியைப் பற்றி ஒரு வார்த்தை. மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் எத்தனை ஆம்பியர் இழுக்கின்றன, சொல்லுங்கள் பார்ப்போம்!